நின்றுபோன புரொப்பெல்லரா, காணாமல் போன புரொப்பெல்லரா? ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

ஜெட் விமானங்களைப் படமெடுப்பவர்களுக்கு ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், பெரிய தலைவலி இல்லை. வெளிச்சம் அனுமதிக்கும் அளவுக்கு வேகமாக, 1/2000 நொடி என்று வைத்துவிட்டு, விமானத்தைச் சட்டத்துக்குள் பிடித்து வைத்திருப்பதில் கவனம் செலுத்தினால் போதும். அதே 1/2000-இல் ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் பயணி விமானத்தையோ பழைய டகோட்டாவையோ எடுத்துப் பாருங்கள். விமானம் படத்தில் துல்லியமாகப் பதிந்திருக்கும். பக்கவாட்டில் எழுதிய பதிவெண்ணைக்கூடப் படிக்கலாம். ஆனால் புரொப்பெல்லரின் இதழ்கள் அசையாமல் நிற்கும். வானத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல இருக்கும் அந்தப் படம்.

ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சண்டை. 1/250 போதும் என்று ஒருவர் சொல்வார். 1/60-இல் எடுக்கத் தெரியாதவன் புகைப்படக்காரனா என்று இன்னொருவர் மீசையை முறுக்குவார். எந்த விமானம் என்று கேட்காமலேயே இருவரும் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் என் குறை. விமானத்துக்கு விமானம் விடை மாறும். அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பெருக்கல் போதும்.

புரொப்பெல்லர் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை இதழ்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை இதழ்கள் ஒரே இடத்தைக் கடக்கின்றன என்ற எண் கிடைக்கும். இதைக் கடப்பு எண் என்று வைத்துக்கொள்வோம். ஏடிஆர் 72-இன் புரொப்பெல்லர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,200 சுற்று. உயரே சீராகப் பறக்கும்போது அதில் 82 சதவீதம், அதாவது 984. இதழ்கள் ஆறு. பெருக்கி வகுத்தால் 98. ஷட்டரை ஏறத்தாழ 1/98 நொடி திறந்து வைத்தால், ஓர் இதழ் நகர்ந்து அடுத்த இதழ் இருந்த இடத்தைத் தொட்டுவிடும். வட்டம் முழுக்க நிரம்பிவிடும். 1/200 வைத்தால் பாதி நிரம்பும். 1/1000-இல் ஒவ்வோர் இதழும் ஆறு பாகைதான் திரும்பும். கிட்டத்தட்ட நான்கு மீட்டர் விட்டமுள்ள அந்தப் புரொப்பெல்லரின் நுனி அந்த ஆறு பாகைக்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும் என்பது உண்மைதான். படத்தில் பார்ப்பவருக்கு அது தெரியாது, நின்றுபோனதாகவே தெரியும்.

சுற்று வேகம் மட்டும் தெரிந்தால் போதாது என்பதற்கு ஹார்வர்டும் டகோட்டாவும் நல்ல சாட்சிகள். இரண்டும் இந்திய விமானப்படையின் பழம்பெரும் விமானங்கள். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சியில் ரஃபேல், சுகோய் விமானங்கள் வந்த அதே வானத்தில் இவையும் பறந்தன. ஹார்வர்டில் பற்சக்கரக் குறைப்பு கிடையாது. இயந்திரம் சுற்றும் அதே வேகத்தில் புரொப்பெல்லரும் சுற்றும். சீராகப் பறக்கையில் அது சுமார் 2,000 சுற்று. ஏடிஆரைப்போல இரண்டு மடங்கு. ஆனால் இதழ்கள் இரண்டே இரண்டு, ஆகவே கடப்பு எண் 67-தான். டகோட்டாவின் இயந்திரம் 2,050 சுற்றில் ஓடினாலும் பற்சக்கரம் அதை 1,150 அளவுக்குக் குறைத்துவிடும். மூன்று இதழ்களுக்கு 58 வருகிறது. ஏடிஆரைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றும் ஹார்வர்டுக்கு ஏடிஆரைவிட மெதுவான ஷட்டர் தேவைப்படுகிறது என்பதைக் கணக்குப் போடாமல் யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

(ஹார்வர்டு கிளம்பும்போது எழும் அந்தக் கிழிக்கும் ஓசைக்கும் இதே சுற்று வேகம்தான் காரணம். 2,250 சுற்றில் 2.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 320 மீட்டரை எட்டுகிறது. ஒலியின் வேகத்துக்கு மிக அருகில். கேமராவை இறக்கிவைத்துவிட்டுக் கேட்க வேண்டிய ஓசை.)

கடப்பு எண் கேமராவுக்கு மட்டும் உதவுவதில்லை. நம் கண் எதைப் பார்க்கிறது என்பதையும் அதுவே சொல்கிறது. நொடிக்குச் சுமார் 50, 60 தடவைக்கு மேல் மினுக்கும் எதையும் நம் கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே சீரான மங்கலாக இணைத்துவிடுகிறது. ஏடிஆரின் 98-இல் நாம் காண்பது ஒரு சாம்பல் நிறத் தட்டு, நுனியில் வண்ணப் பட்டை இருந்தால் அதைச் சுற்றி ஒரு வளையம். சினூக் ஹெலிகாப்டருக்கு வாருங்கள். அதன் மேல் சுழலிகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று இதழ்கள், நிமிடத்துக்கு 225 சுற்று. கடப்பு எண் 11. தலைக்கு மேல் சினூக் போகும்போது இதழ்கள் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரிகிறது. ஆகவே சினூக்கின் சுழலியை முழுத் தட்டாகக் காட்டும் படம் கண்ணுக்கு உண்மையாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இனி நம்முன் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1/1000-உம் அதற்கு மேலும்: விமானத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரிய வேண்டும், பதிவுக்காக ஒரு படம் வேண்டும் என்றால் இது சரி. எடுத்த படங்களில் பெரும்பாலானவை தேறும். நீண்ட லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும் புதியவருக்கு மனநிறைவு கிடைக்கும். உயிர் மட்டும் இருக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு. விமானத்தில் ஓர் இயந்திரம் உண்மையிலேயே அணைந்துவிட்டால் அதன் இதழ்கள் காற்றுக்கு விளிம்பைக் காட்டும்படி திருப்பப்படும். விவரம் தெரிந்தவர் படத்தில் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார். விவரம் தெரியாதவர் உங்கள் 1/2000 படத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நின்றுபோனது என்று நினைப்பார்.

1/500 முதல் 1/320 வரை: எங்கும் பரிந்துரைக்கப்படும் நடுவழி இது. எனக்கு இதில் பெரிய ஈர்ப்பு இல்லை. 1/500-இல் ஏடிஆரின் இதழ் 12 பாகையும் டகோட்டாவின் இதழ் 14 பாகையும் நகர்கின்றன. இதழ் சுற்றுவதுபோலவும் இல்லை, நிற்பதுபோலவும் இல்லை; குவியம் தவறியதுபோலத் தோன்றும். வேகமாகச் சுற்றும் ஹார்வர்டில் 24 பாகை கிடைப்பதால் அங்கே கொஞ்சம் பரவாயில்லை. முதல் சுற்றில் ஒரு படமாவது தேறட்டும் என்று எடுத்துவைக்கும் காப்பீடாக இந்த வேகத்தை வைத்துக்கொள்ளலாம். அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கடப்பு எண்ணின் இரண்டு மடங்கு. அதாவது வட்டத்தில் பாதி நிரம்பும் வேகம். ஏடிஆருக்கும் ஆறு இதழ் கொண்ட சி-130ஜே-வுக்கும் 1/200. நிமிடத்துக்கு 2,000 சுற்றும் நான்கு இதழ்களும் உள்ள பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானத்துக்கு 1/250. கடலோரக் காவல் படையின் நான்கு இதழ் டோர்னியருக்கு 1/200. நான்கு இதழ் ஸ்பிட்ஃபயர் 1,200 சுற்றில் வந்தால் 1/160. டகோட்டா, ஹார்வர்டு இரண்டுக்கும் 1/125. என் வாக்கு இதற்குத்தான். ஏன் என்று சொல்வதற்குமுன் இன்னும் மெதுவான வழியைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மீசை முறுக்குபவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

முழு வட்டம், அதாவது கடப்பு எண்ணோ அதற்கும் கீழோ. ஏடிஆருக்கு 1/100, டகோட்டாவுக்கும் ஹார்வர்டுக்கும் 1/60. ஆறு இதழ் விமானத்தில் இது கைகூடினால் அழகுதான். அகலமான ஆறு இதழ்கள் வட்டத்தின் கணிசமான பகுதியை மறைப்பதால், சீராகக் கலங்கியபின்பும் தட்டு தெரியும். இரண்டு இதழ் ஹார்வர்டில் நிலைமை வேறு. மெல்லிய இரண்டு இதழ்கள் அந்தப் பெரிய வட்டத்தில் சிறு பங்கைத்தான் எந்தக் கணத்திலும் மறைக்கின்றன. அதை முழு வட்டத்துக்கும் பரப்பிவிட்டால் பிரகாசமான வானத்தின் முன் எதுவுமே மிஞ்சாது. நுனியில் பூசிய மஞ்சள் மட்டும் மங்கலான வளையமாகத் தெரியும், அதுவும் பின்னணி இருட்டாக இருந்தால். 1/1000-இல் புரொப்பெல்லர் நின்றுபோனது. 1/60-இல் புரொப்பெல்லரே காணாமல் போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டு அதை அழித்ததுதான் மிச்சம்.

பாதி வட்டத்தில் இந்த இரண்டு விபத்தும் நேர்வதில்லை. இதழ்கள் எத்தனை என்று எண்ண முடியும். சுற்றுகின்றன என்பதிலும் சந்தேகம் வராது. அதைவிட முக்கியம், கைக்கு எட்டும் வேகம் அது. 400 மி.மீ. லென்ஸோடு நகரும் விமானத்தை 1/60-இல் தொடர்வதற்கும் 1/125-இல் தொடர்வதற்கும் உள்ள வித்தியாசம் குப்பைக்குப் போகும் படங்களின் எண்ணிக்கையில் தெரியும்.

கையின் நடுக்கத்தைப் பயிற்சியால் குறைக்கலாம். பயிற்சியால் தீராத ஒன்று கோணம். விமானம் நேர் பக்கவாட்டில் கடந்துபோகும்போது மூக்கும் வாலும் கேமராவைப் பொறுத்தவரை ஒரே வேகத்தில் நகர்கின்றன. நன்றாகப் பேனிங் செய்தால், அதாவது விமானத்தோடு சேர்த்துக் கேமராவையும் சீராகத் திருப்பினால், 1/60-இல்கூட முழு விமானமும் கூர்மையாக வரும். ஆனால் அந்தக் கோணத்தில் புரொப்பெல்லர் வட்டம் விளிம்பைக் காட்டிக்கொண்டு ஒரு கோடாக நிற்கிறது. இவ்வளவு மெனக்கெட்டதற்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. விமானம் நம்மை நோக்கிச் சாய்வாக வரும் முக்கால் கோணத்தில்தான் வட்டம் அகலமாக விரிகிறது. அந்தக் கோணத்திலோ மூக்கு ஒரு வேகத்திலும் வால் இன்னொரு வேகத்திலும் நகர்கின்றன. மூக்கைக் கூர்மையாகப் பிடித்தால் வால் இழுபடும். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் கேமராவை ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் திருப்ப முடியாது. வட்டம் நன்றாகத் தெரியும் கோணத்தில்தான் மெதுவான ஷட்டர் அதிகம் தண்டிக்கிறது. ஆகவே முக்கால் கோணத்துக்குப் பாதி வட்டம். துணிச்சல் வந்தால் பக்கவாட்டில் கடக்கும்போது முழு வட்டத்தை முயலலாம். நான் சொல்லும் வரிசை இதுதான்.

வெயிலும் பாதி வட்டத்துக்குத்தான் சாதகம். மெரினா நிகழ்ச்சி காலை 11 மணிக்குத் தொடங்கி உச்சி வெயில்வரை நடந்தது. அத்தகைய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 என்றால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 16 என்ற சிறிய அளவுக்குப் போய்விடும். அங்கே படம் மெலிதாக மழுங்கத் தொடங்கும். சென்சாரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தூசியும் நீல வானத்தில் கரும்புள்ளியாக வந்து நிற்கும். 1/200 வைத்தால் எஃப் 11 போதும். அதற்கும் கீழே இறங்க விரும்புபவர் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வாங்க வேண்டும். மூன்று ஸ்டாப் குறைக்கும், அதாவது ஒளியை எட்டில் ஒன்றாக்கும் ஃபில்டர் 1/100-ஐ எஃப் 5.6-க்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் பெரிய டெலி லென்ஸ்களின் முன்பக்க வாய்க்கு ஏற்ற ஃபில்டர் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கசக்கும். ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்காகப் பெங்களூருவின் எலகங்கா போகிறவர்கள் முற்பகல் காட்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓடுபாதையின் வெப்ப அலை பிற்பகலில் எழுப்பும் கலங்கலை எந்த ஷட்டர் வேகமும் தீர்க்காது.

ஹெலிகாப்டர்களுக்கு இந்த இரண்டு மடங்கு விதியை அப்படியே பொருத்தினால் கை உடைந்துவிடும். ஐந்து இதழும் 192 சுற்றும் கொண்ட எம்ஐ-17-க்கு 1/30 வரும், சினூக்குக்கு 1/20. முன்னே சொன்னதுபோல இவற்றின் இதழ்களைக் கண்ணே தனித்தனியாகப் பார்ப்பதால் அவ்வளவு இறங்கத் தேவையும் இல்லை. 1/60-இல் சினூக்கின் இதழ் 22 பாகை நகரும்; அது போதும். கேமராவை முக்காலியில் வைத்து, அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரை எடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் மட்டும் கீழே இறங்கிப் பாருங்கள்.

கணினியில் கலக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1/2000-இல் கூர்மையாக எடுத்துவிட்டு, மென்பொருளில் புரொப்பெல்லரை மட்டும் சுழற்றிக் கலக்கிவிடுவது. விளம்பரத்துக்கோ சுவரொட்டிக்கோ செய்தால் யாருக்கும் நட்டமில்லை. பதிவுப் படமாக வெளியிடுவது வேறு விஷயம். விமானப் படங்களைச் சரிபார்த்து ஏற்கும் தளங்கள் இப்படித் திருத்தியவற்றை நிராகரிக்கின்றன. நேர்மையை ஒதுக்கிவைத்தாலும் வேலை சுத்தமாக வருவதில்லை. சாய்ந்து தெரியும் வட்டம் நீள்வட்டமாக இருக்கும், இதழின் முறுக்கு ஒவ்வோர் இடத்திலும் வேறு மாதிரி ஒளியை வாங்கும், இதழுக்குப் பின்னால் இருக்கும் இயந்திர உறையும் சேர்ந்து கலங்கிவிடும். பழகிய கண்ணுக்கு நொடியில் பிடிபடும்.

கேமராவில் ஒரு பொத்தானைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத புதிய (மிரர்லெஸ்) கேமராக்களில் ஓசையற்ற மின்னணு ஷட்டர் இருக்கிறது. அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சாரில் இந்த வாசிப்புக்கு 1/30 நொடி பிடித்தால், அதற்குள் ஏடிஆரின் புரொப்பெல்லர் அரைச் சுற்றுக்கு மேல் போயிருக்கும். முதல் வரியில் ஓர் இடத்தில் இருந்த இதழ் கடைசி வரியில் வேறு எங்கோ இருக்கும். விளைவு, வளைந்து நெளிந்து, சில சமயம் இதழ்களைத் தாங்கும் நடுக்குடத்திலிருந்து கழன்று தனியாக மிதக்கும் இதழ்கள். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கோணல் போகாது. புரொப்பெல்லர் விமானம் என்றால் இயந்திர ஷட்டருக்கு மாறிவிடுங்கள். நிக்கான் இசட் 9 போன்ற வேகமாக வாசிக்கும் சென்சார்களில் கோணல் மிகக் குறைவு. சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் வாசிக்கும் சோனி ஏ9 III-இல் அறவே இல்லை. ஆனால் புரொப்பெல்லருக்காக மட்டும் அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை.

ஜெட்டும் புரொப்பெல்லரும் மாறி மாறி வரும் நிகழ்ச்சிகளில் கேமராவின் தனியமைப்பு இடங்களில் ஒன்றில் 1/1600-ஐயும் இன்னொன்றில் 1/200-ஐயும் முன்கூட்டியே சேமித்துவைப்பது புத்திசாலித்தனம். லென்ஸில் பேனிங்குக்கென்று நடுக்கத்தைக் குறைக்கும் தனி நிலைநிறுத்தி இருந்தால் அதையும் இரண்டாவதில் சேர்த்துவிடலாம். பயிற்சிக்கு விமானம் தேடி அலைய வேண்டாம். கூரை மின்விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று, மூன்று இறக்கை என்றால் கடப்பு எண் 17 அல்லது 18. பகல் வெளிச்சத்தில் 1/15, 1/30, 1/250 என்று எடுத்துப் பார்த்தால் முழு, பாதி, உறைந்த நிலைகள் மூன்றும் கண்முன் வந்துவிடும். பேனிங்குக்கு நெடுஞ்சாலையில் போகும் பேருந்துகள் போதும்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏடிஆரில் போகும்போது நீங்களும் புரொப்பெல்லரும் ஒரே விமானத்தில் இருக்கிறீர்கள். பேனிங் தேவையே இல்லை. ஐந்து கிலோமீட்டர் கீழே உள்ள தரை 1/30 நொடியில் ஐந்து மீட்டர்கூட நகர்வதில்லை. ஆகவே 1/30-உம் இங்கே பயமில்லாத வேகம். இடம் மட்டும் முக்கியம். புரொப்பெல்லருக்கு நேர் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தால் கோடுதான் தெரியும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் வட்டம் சாய்வாக விரியும். பாதுகாப்புப் படைகளோடு பகிர்ந்துகொள்ளும் விமான நிலையங்களில் படமெடுக்கத் தடை உண்டு என்பதால் பணியாளர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள்.

கைப்பேசியின் சிக்கல் வேறு. வெயிலில் அது தானாகவே மிக வேகமான ஷட்டருக்குத் தாவும், வரிவரியாகவும் வாசிக்கும். காணொளியில் இது இன்னும் வேடிக்கையாகிறது. நொடிக்கு 25 சட்டங்கள் எடுத்தால், ஏடிஆரின் 98 இதழ்கள் ஒரு சட்டத்துக்கு நான்குக்குச் சற்றுக் குறைவாகக் கடக்கின்றன. அதனால் புரொப்பெல்லர் சோம்பலாகப் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியும். 24 சட்டங்கள் எடுத்தால் நான்குக்குச் சற்று மேலாகி, அதே புரொப்பெல்லர் முன்னோக்கிச் சுற்றும். இரண்டுமே பொய். கையால் அமைக்கும் செயலியில் 25 சட்டங்களுக்கு ஷட்டரை 1/50 வைத்து, கைப்பேசிக்கென்று விற்கும் சிறிய என்.டி. ஃபில்டரை லென்ஸ் மேல் மாட்டுங்கள். 1/50 நொடியில் ஒவ்வோர் இதழும் 118 பாகை, அதாவது ஏறத்தாழ இரண்டு இதழ் இடைவெளி நகர்வதால் வட்டம் சீராக நிரம்பி, பின்னோக்கிச் சுற்றும் மாயம் அடங்கிவிடும். ஃபில்டர் இல்லாமல் 1/50 வைத்தால் படம் வெளுத்துப் போகும். அப்போது மேகமூட்டமான நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.